ஃபியூஸ் போனதற்கு யாரைத் திட்டுவது?

செல்போன் கோபுரத்தின் அடியில் இருக்கும் அறையிலோ, பழைய தொலைபேசி நிலையத்தின் மாடியிலோ ஒரு ஃபியூஸ் எரிந்தால், மேலிடத்திலிருந்து வரும் முதல் கேள்வி "லைன் எப்ப வரும்?" என்பதுதான். ஏன் எரிந்தது என்று கேட்பவர்களை அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். தொலைத்தொடர்பு மின் பராமரிப்பிலேயே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். இப்போது தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் இளைஞர்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுக்கிறேன். கூப்பிடுகிற இடங்களுக்குப் போய்ச் சோதித்தும் தருகிறேன். ஃபியூஸ் எரிவதால் வரும் நஷ்டத்தைவிட, எரிய வேண்டிய ஃபியூஸை எரியவிடாமல் தடுப்பதால் வரும் கேடு பெரிது என்பது என் கட்சி. அப்படித் தடுக்கும்படி பையன்களை நெருக்குவது நாம் எழுதி வைத்திருக்கும் பராமரிப்பு ஒப்பந்தங்கள்.

ஃபியூஸ் பேனலைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். 19 அங்குல அகலத்துக்குக் கருவிகளைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை ரேக் என்போம். அதன் உச்சியில் பொருத்தும் தட்டையான பெட்டிதான் இது. பெரும்பாலும் ஒன்றேமுக்கால் அங்குல உயரம். முகப்பில் சின்னச் சின்ன ஃபியூஸ்கள் இரண்டு கூட்டமாகச் செருகியிருக்கும். ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் பி. ஒவ்வொன்றும் கீழேயுள்ள ஏதோ ஒரு கருவிக்கு மின்சாரம் தருகிறது. அதிகம் புழங்கும் ரகத்தில் 3 ஆம்பியருக்கு நீலம், 5 ஆம்பியருக்குப் பச்சை என்று நிறம் உண்டு. எரிந்தால் உள்ளே இருக்கும் வில் விடுபட்டு நிறக்கொடி தலையை நீட்டும். அதே நொடியில் பின்பக்கத்து முள் ஒரு பட்டையைத் தொட்டு அலாரம் கொடுக்கும். மொத்த ரேக்கிலும் விலை குறைந்த பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

உள்ளே ஓடுவது வீட்டு மின்சாரம் கிடையாது, நேர்மின்சாரம். 2 வோல்ட் செல்கள் 24-ஐத் தொடராக இணைத்தால் 48 வோல்ட். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது மீட்டர் 54 காட்டும். இதில் நேர்முனையை எர்த்தோடு சேர்த்துவிட்டு, எதிர்முனை வழியாக ஃபியூஸ் போடுவார்கள். மண்ணுக்குள் கிடக்கும் செம்புக் கம்பியை ஈரம் அரித்துவிடாமல் இருக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. உலகம் முழுக்க அப்படியே நிலைத்துவிட்டது. பைக் மெக்கானிக் கடையில் கை பழகிவிட்டு வரும் பையன்கள் முதல் வாரம் இங்கேதான் தடுமாறுவார்கள். அங்கே பாடியில் சேர்வது எதிர்முனை. இங்கே தலைகீழ். கருவிக்குப் போகும் கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் லட்சக்கணக்கில் விலையுள்ள அட்டை போய்விடும். வயரின் நிறத்தை நம்பவே கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் கையில் கிடைத்த நிறத்தில் வயர் இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மீட்டர் சொல்வதை மட்டும் நம்பு.

"48 வோல்ட்தானே அண்ணாச்சி, ஷாக் அடிக்காதுல்லா?" என்று கேட்பார்கள். காய்ந்த கையில் பெரும்பாலும் அடிக்காது, உண்மைதான். அந்த உண்மைதான் ஆளைக் கெடுக்கிறது. ஷாக் அடிக்காத இடத்தில் மனிதனுக்குப் பயம் வருவதில்லை. பின்னால் ஒரு பேட்டரி பேங்க் நிற்கிறது. அதன் இரு முனைகளும் ஓர் இரும்புத் துண்டால் இணைந்துவிட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் கைதவறி, மின்சாரத்தைப் பங்கிடும் உலோகப் பட்டையான பஸ்பார் மேல் விழுந்தால் அது அங்கேயே பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டு பொறி கக்கும். விரலில் மோதிரம், மணிக்கட்டில் ஸ்டீல் பட்டை வாட்ச், எங்கள் ஊர்ப் பையன்கள் போடும் செம்புக் காப்பு, கழுத்தில் தொங்கும் சங்கிலி எதுவானாலும் ஒரு முனை பஸ்பாரிலும் மறுமுனை ரேக்கிலும் பட்டால் நொடியில் பழுத்துவிடும். விரலைச் சுற்றி வட்டமாக வெந்த தழும்போடு வேலை செய்கிற ஆட்களை எனக்குத் தெரியும். காப்பைக் கழற்றச் சொன்னால் சாமிக்குப் போட்டது என்பார்கள். பாக்கெட்டில் பத்திரமாக இருக்கட்டும், சாமி கோவிக்காது என்பேன்.

வீட்டு மின்சாரம் ஒரு நொடியில் நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொட்டுத் திரும்புகிறது. சுவிட்சை அணைக்கும்போது எழும் பொறி அந்த இடைவெளியில் செத்துவிடும். நேர்மின்சாரத்தில் அந்த இடைவெளி இல்லை; மூண்ட பொறி தானாக அணைய மனசில்லாமல் நீண்டுகொண்டே போகும். அதனால்தான் நேர்மின்சாரத்துக்கென்றே செய்த, எவ்வளவு ஆம்பியர்வரை அறுத்துவிட முடியும் என்று முத்திரையுள்ள ஃபியூஸ் வேண்டும். கடைவீதி எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கிய வீட்டு எம்சிபியை இந்த வேலைக்குப் பொருத்தியிருப்பதைக் கடற்கரை ஓரத்துத் தளம் ஒன்றில் பார்த்தேன். "அதுவும் 32 ஆம்பியர், இதுவும் 32 ஆம்பியர், வித்தியாசம் என்ன?" என்றார் போட்டவர். நிஜமான ஷார்ட் வரும் நாள்வரை ஒரு வித்தியாசமும் தெரியாது.

பேனலை ஏற்றும் வேலையில் பாதி, மின்சாரத்தைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முதலில் எர்த். ரேக்கின் பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கிவிட்டு எர்த் கொடுத்தாயிற்று என்று எழுதிவிடுவார்கள். பெயின்ட் மின்சாரத்தை விடாது. வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். மேலே, பேனலுக்கு மின்சாரம் அனுப்பும் பவர் பிளான்ட்டில் இந்த லைனை அணைத்து, "ஆள் வேலை செய்கிறார்" என்று அட்டை தொங்கவிட வேண்டும். பேனலில் ஒரு ஃபியூஸ்கூட இருக்கக் கூடாது. கேபிள் மாட்டி முடித்து, மேலே ஆன் செய்து, ஏ பக்கமும் பி பக்கமும் மீட்டர் வைத்து, முனை சரிதானா என்று பார்த்த பிறகே ஒவ்வொரு கருவியாக உயிர் கொடுக்க வேண்டும். அதிலும் கருவியின் சுவிட்சை அணைத்துவிட்டு ஃபியூஸைச் செருகு, பிறகு சுவிட்சைப் போடு. கழற்றும்போது சுவிட்சை முதலில் அணை. காலி இடங்களில் டம்மி செருகு. எரியும் ஃபியூஸின் தூள் கண்ணில் தெறிக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி மாதிரி சின்ன மூடி தருகிறார்கள். பாதி மூடிகள் தரையில்தான் கிடக்கும்.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போடுவது என்பதில்தான் நான் அதிகம் சண்டை போட்டிருக்கிறேன். 300 வாட் கருவி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 54 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 5.6 ஆம்பியர். மீட்டரில் அதைப் பார்த்துவிட்டு 7.5 ஆம்பியர் ஃபியூஸ் போதும் என்று ஒருவர் செருகிவிட்டுப் போகிறார். மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாது. புயலோ வெள்ளமோ வந்து மின்வாரிய லைன் போய்விடும் இரவில், பேட்டரி மெல்ல மெல்ல 43 வோல்ட்டுக்கு இறங்குகிறது. கருவிக்கு வேண்டியது அதே 300 வாட். வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி எடுத்துக்கொள்ளும். இப்போது 7 ஆம்பியர். ஏசி நின்று அறையும் கொதிக்கிறது. ஊர் முழுக்கத் தொலைபேசியைத் தேடும் அந்த நேரத்தில் ஃபியூஸ் போய்விடலாம். பேட்டரியின் கடைசி வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டு, அந்த ஆம்பியர் ஃபியூஸின் 80 சதவீதத்தைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். இங்கே 10 ஆம்பியர்தான் சரி. அதற்கு மேல் தூக்கினாலும் தவறு. கம்பி தாங்கும் அளவைவிட ஃபியூஸ் பெரிதாக இருந்தால் முதலில் எரிவது கம்பி.

2023 டிசம்பர் 17, 18 எங்கள் பக்கத்து மக்கள் மறக்க முடியாத நாட்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே சிக்கி நின்றது. உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் சென்னையிலும் துபாயிலும் ஆட்கள் தவித்தார்கள். அப்போது செத்துப்போன தளங்களில் பெரும்பாலானவற்றைக் குற்றம் சொல்ல மாட்டேன். தண்ணீர் ஏறியது, டீசல் கொண்டுபோகப் பாதை இல்லை, பேட்டரி தீர்ந்தது. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு நான் போய்ப் பார்த்தவற்றில் சிலவற்றில் பேட்டரியில் இன்னும் உயிர் இருந்தது. சின்ன ஃபியூஸ் ஒன்று கொடியை நீட்டிக்கொண்டு இருந்தது. அந்தத் தளங்கள் இன்னும் சில மணி நேரம் பேசியிருக்கும். அந்தச் சில மணி நேரம் அன்றைக்கு எவ்வளவு பெரிது என்று தாமிரபரணிக் கரைக்காரர்களிடம் கேளுங்கள்.

ஏ, பி என்று இரண்டு வழி வைப்பதே ஒன்று போனால் மற்றது தாங்கட்டும் என்பதற்காக. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. 100 ஆம்பியர் தாங்கும் பேனலில் ஏ பக்கம் 55, பி பக்கம் 55 ஓடுவதைப் பார்த்து "பாதிதான் லோடு, இன்னும் இடம் இருக்கு" என்று புதுக் கருவிகளை ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒரு பக்கம் விழுந்தால் 110 ஆம்பியரும் மறுபக்கம் பாயும், அதுவும் விழும். ஒவ்வொரு பக்கமும் 40-ஐத் தாண்டக் கூடாது என்று சுவரில் எழுதி வைத்தாலும் யாரும் படிப்பதில்லை. இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. சில தளங்களில் ஏ கேபிளையும் பி கேபிளையும் பின்னாலேயே தடவிக்கொண்டு போனால் இரண்டும் பவர் பிளான்ட்டில் ஒரே பிரேக்கரில் போய் நிற்கும். இரண்டு வாசல் வைத்த வீட்டுக்கு ஒரே தெரு. தணிக்கைத் தாளில் மட்டும் இரட்டைப் பாதுகாப்பு என்று டிக் போட்டிருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஃபியூஸ் பார்த்துக்கொள்ளக் கூடிய கோளாறுகள். ஃபியூஸுக்குக் கண்ணே தெரியாத ஒரு கோளாறு இருக்கிறது: தளர்ந்த இணைப்பு. எனக்கு அதைக் கண்டால்தான் பயம். போல்ட் லேசாக இருந்தால் மின்னோட்டம் கூடுவதில்லை. அதே 100 ஆம்பியர்தான். ஃபியூஸுக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் அந்த இணைப்பில் ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே 10 வாட் சூடு உண்டாகும். பட்டாணி அளவு இடத்தில் இரவு பகலாக 10 வாட். சூட்டில் செம்பு விரியும், ராத்திரி ஏசியில் சுருங்கும், இன்னும் கொஞ்சம் தளரும், தடை கூடும், சூடு கூடும். கடைசியில் கேபிள் உறை கருகி வழியும். அப்போதும் ஃபியூஸ் கொடியை உள்ளே மடக்கி வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

கடற்கரையில் இது இரட்டிப்பு வேகம். தருவைகுளம், மணப்பாடு பக்கம் உப்புக் காற்று அறைக்குள் புகுந்து ஆறு மாதத்தில், கேபிள் முனையில் மாட்டும் செம்பு லக்குகளில் களிம்பு ஏற்றிவிடும். பித்தளைப் பாத்திரத்தில் புளி போட்டுத் தேய்க்கிற ஊர்தானே நம்முடையது. களிம்பு என்றால் என்னவென்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதற்கென்று உள்ள பசையை மெலிதாகத் தடவிவிட்டு மாட்டினால் களிம்பு எளிதில் பிடிக்காது. முனை திரும்பாமல் இருக்க இரட்டைத் துளை லக், அதற்கேற்ற கிரிம்பிங் கருவி, எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அளவு காட்டும் டார்க் ரென்ச் வேண்டும். நான் போகிற இடங்களில் பார்ப்பது ஒற்றைத் துளை லக், உளியும் சுத்தியலும் வைத்து நசுக்கிய முனை, "கை முறுக்கு". கை முறுக்கில் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. முப்பது வருடக் கை அளவைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடும். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பையன் கை சொல்லுமா? ஒருவன் அரைகுறையாக விடுவான், இன்னொருவன் வேகத்தில் மரையை அறுத்துவிடுவான்.

வருடத்துக்கு ஒரு முறையாவது லோடு ஓடும்போது வெப்பம் காட்டும் கேமராவை வைத்துப் பார்த்தால் தளர்ந்த போல்ட் ராத்திரி விளக்குபோல் தெரிந்துவிடும். அந்தக் கேமரா இன்றைக்கு ஒரு நல்ல செல்போன் விலைக்குக் கிடைக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்று வாங்கி வைக்க மறுக்கிற காரணம் எனக்குப் புரியவில்லை.

அலாரத்துக்கு வருவோம். பேனலின் பின்னால் அலாரத்துக்கென்று சின்ன முனைகள் இருக்கும். இரண்டு மெல்லிய வயர் இழுத்துக் கண்காணிப்புப் பெட்டியில் சேர்த்தால் ஃபியூஸ் போன நொடியில் தலைமையகத்துக்குத் தெரியும். பத்து நிமிட வேலை. அந்த முனைகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். சேர்த்த இடங்களிலும் தினம் நூறு அலாரம் வந்து குவிய, பார்க்கிறவர் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போகிறார். அதன் விலை என்னவென்று ஒரு பழைய சம்பவம் சொல்லும். 1988 மே 8, அமெரிக்காவில் அன்னையர் தினம். சிகாகோ பக்கத்தில் ஹின்ஸ்டேல் என்ற ஊரின் தொலைபேசி நிலையத்தில் மின் கேபிளில் தீப்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை, கட்டடத்தில் ஆளில்லை. அலாரம் வெகு தொலைவில் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த கண்காணிப்பு அறையில் ஒலித்தது. தீயணைப்புப் படைக்கு உடனே தகவல் போகவில்லை. 35,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் இணைப்பு செத்தது, ஓஹேர் விமான நிலையத்தின் போக்குவரத்துகூட பாதிக்கப்பட்டது, முழுதாகச் சீராக வாரக்கணக்கில் ஆனது. அன்றைவிட இன்றைக்கு ஆளில்லா அறைகள் பலமடங்கு. நம் ஊரில் ஏறக்குறைய எல்லாமே ஆளில்லா அறைகள்தான்.

இனி பையன்கள் கதை. ஒரு தளத்தில் 5 ஆம்பியர் பச்சை இருக்க வேண்டிய இடத்தில் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது. பொறுப்பில் இருந்த தம்பியைக் கேட்டேன்.

"பச்சை நிக்க மாட்டேங்கு அண்ணாச்சி. ரெண்டு தடவ போட்டேன், ரெண்டு தடவயும் போயிட்டு. இதப் போட்டேன், நிக்கி."

"ஏன் போச்சுன்னு பாத்தியா?"

"பாக்க எங்க நேரம்? சைட் டவுன்னு போன் மேல போன். அடுத்தால வேம்பார்ல ஒண்ணு விழுந்து கெடக்கு."

கீழே பார்த்தோம். காற்றாடித் தட்டில் உப்புப் புழுதி ஏறி ஒரு மோட்டார் சுற்ற முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. இணைப்பான் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. சரியான ஃபியூஸ் இரண்டு முறை சொல்லிவிட்டது, கேட்க ஆளில்லை. அந்தத் தம்பி சோம்பேறி இல்லை. ஒரு பைக், ஒரு மீட்டர், ஒரு ஸ்பேனரோடு கடற்கரை நெடுக ஓடுகிறவன். தளம் இத்தனை மணி நேரத்துக்கு மேல் விழுந்து கிடந்தால் ஒப்பந்தக்காரருக்கு அபராதம். அபராதம் அவன் சம்பளத்தில் இறங்கும். காரணம் கண்டுபிடித்ததற்குச் சல்லிக்காசு கிடையாது. அவன் பையில் 5 ஆம்பியர் ஃபியூஸ் தீர்ந்துவிட்டால், கேட்டு வாங்க ஒரு வாரம். சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிச் செருகிய பேனலையும் பார்த்திருக்கிறேன். செய்தவனைத் திட்டுவது சுலபம். அவனுக்கு அந்த நேரத்தில் வேறு வழி வைத்தோமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தம் எழுதுகிற பெரியவர்களுக்கு என் கோரிக்கை செலவில் சின்னது. எல்லா அளவிலும் மாற்று ஃபியூஸ்கள் தளத்திலேயே ஒரு டப்பாவில் இருக்க வேண்டும். டப்பா காலியானால் அபராதம் ஒப்பந்தக்காரருக்கு, பையனுக்கு இல்லை. எந்த ஃபியூஸ் எந்தக் கருவிக்கு, எத்தனை ஆம்பியர் என்று பேனல் கதவில் தமிழில் அட்டை ஒட்டுங்கள். எரிந்த ஃபியூஸைக் காரணம் எழுதாமல் மாற்றக் கூடாது. காரணம் தேட ஒரு மணி நேரம் அபராதக் கணக்கில் வராது என்று ஒரு வரி சேருங்கள். பஸ்பாரைத் தொடும் வேலைக்கு இரண்டு ஆள். டார்க் ரென்ச் வட்டாரத்துக்கு ஒன்றாவது. இதில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை.

மொட்டை மாடியையோ காலி மனையையோ கோபுரத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. அந்த அறைக் கதவில் அவசர எண் எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லிக் கேளுங்கள், வாடகை வாங்குகிற உங்களுக்கு அந்த உரிமை உண்டு. உள்ளிருந்து பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தால் பூட்டை உடைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். அந்த எண்ணுக்கும் தீயணைப்புத் துறையின் 101-க்கும் தாமதிக்காமல் பேசுங்கள்.